மாத்திரை ஆரம்பித்தாச்சு, படபடப்பு மட்டும் போகவில்லை: கிரேவ்ஸ் நோயில் இடைப்பட்ட மாதங்களைச் சமாளிப்பது எப்படி?

சாயங்காலம் உதிரி மல்லி நூறு கிராம் வாங்கி, வாழைநாரை நனைத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், சீரியல் ஒன்று முடிவதற்குள் கட்டி முடித்துவிடுகிற ஆள் நான். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நாரை ஒரு சுற்று, இழுத்தால் முடிச்சு. போன வருடம் சித்திரைத் திருவிழாச் சமயத்தில் அந்த முடிச்சு விழவே மாட்டேன் என்றது. விரல் நடுங்கி மொட்டெல்லாம் காம்பு ஒடிந்து மடியில் கொட்டியது. வெயில், அலைச்சல், ரத்தக்குறைவு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஐந்து கிலோ இளைத்திருந்தேன், அதற்குப் பாராட்டு வேறு. கடைசியில் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது கிரேவ்ஸ் நோய் என்று. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தப்பாகத் தூண்டிவிட்டு, அது நிறுத்தாமல் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கிற நோய்.

கார்பிமசோல் எழுதிக் கொடுத்தார்கள். சரி, பத்து நாளில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆறு வாரம் கழித்து ரிப்போர்ட்டில் டி4 என்கிற தைராய்டு ஹார்மோன் நார்மலுக்கு வந்துவிட்டது, கை நடுக்கம் நிற்கவில்லை. மாமியார் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏத்தா, மாத்திரைதான் திங்கிறியே, இன்னும் என்னத்துக்குக் கை ஆடுது?" என்று. எனக்கும் அதே கேள்விதான். பதில் கிடைக்க மாதக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் எது உதவியது, எது வீண் வேலை, எதை அலட்சியப்படுத்தவே கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மாத்திரை சாப்பிடுகிறவள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

முதலில், ஏன் இவ்வளவு நாள் ஆகிறது

கார்பிமசோல் செய்கிற வேலை ஒன்றுதான், சுரப்பி புதிதாக ஹார்மோன் தயாரிப்பதைத் தடுப்பது. ஏற்கெனவே தயாரித்து சுரப்பிக்குள் சேர்த்து வைத்திருக்கிறதே, அதை இந்த மாத்திரை தொடாது. பல வாரத்துக்கான சரக்கு உள்ளே இருக்கும், அது தீரத் தீரத்தான் உடம்பு இறங்கும். போதாததற்கு ரத்தத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற டி4 பாதியாகக் குறையவே சில நாளிலிருந்து ஒரு வாரம் வரை எடுக்கும். அதனால் முதல் இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியாமல் இருப்பது வழக்கம்தான். பெரும்பாலானவர்களுக்கு நாலிலிருந்து எட்டு வாரத்தில் ஒரு மாற்றம் தெரியும்.

அப்புறம் டிஎஸ்ஹெச், அதாவது தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டுகிற ஹார்மோன். இதை வைத்துத்தான் நிறையப் பேர் பயந்துபோகிறார்கள். தைராய்டு சுரக்கிற டி3, டி4 இரண்டும் நார்மலுக்கு வந்த பிறகும் டிஎஸ்ஹெச் 0.01 என்றே மாதக்கணக்கில் நிற்கும். அதைச் சுரக்கிற, மூளையடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி நாள்பட அமுங்கிக் கிடந்தது, எழுந்திருக்க நேரம் எடுக்கிறது. ஆரம்ப மாதங்களில் டாக்டர்கள் டி4-ஐயும் டி3-யையும் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டிக் குறைப்பார்கள். டிஎஸ்ஹெச் கீழேயே இருக்கிறதே, மருந்து வேலை செய்யவில்லையோ என்று நீங்களாக ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

டி3 விஷயத்தில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு டி4 இறங்கிவிடும், டி3 மட்டும் மேலேயே நிற்கும். படபடப்பு, வியர்வை எல்லாம் அப்படியே இருக்கும், ரிப்போர்ட்டில் டி4 மட்டும் பார்த்தவர்கள் "எல்லாம் நார்மல்" என்பார்கள். "ஃப்ரீ டி3 சேர்த்துப் பார்க்கலாமா?" என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

ஒரு நோட்டு போடுங்கள்

எனக்கு அதிகம் உதவிய மருந்து ஐந்து ரூபாய்க்கு வாங்கிய குறிப்பு நோட்டுதான் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். காலையில் கண் விழித்ததும், கட்டிலை விட்டு இறங்காமல், காபி குடிக்காமல், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து முழுசாக ஒரு நிமிடம் நாடி எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை வேண்டாம், துடிப்பு ஒழுங்காக வருகிறதா, இடையில் தடுமாறுகிறதா என்பது முழு நிமிடம் எண்ணினால்தான் புரியும். எனக்கு ஆரம்பத்தில் 112 இருந்தது. மூன்றாம் மாதம் 88. ஆடி முடிகிற நேரத்தில் 74. ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும், அதைப் பார்க்காதீர்கள், வாரத்துக்கு வாரம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

நாடியோடு வாரம் ஒருமுறை எடை, தூக்கம் எத்தனை மணி நேரம், மலம் எத்தனை தடவை, அன்றைக்கு என்ன தொந்தரவு என்று ஒரு வரி. அவ்வளவுதான். டாக்டர் அறையில் கிடைக்கிற நாலு நிமிடத்தில் "ஒரு மாதிரியா இருக்கு சார்" என்பதற்குப் பதில் நோட்டைத் திறந்து நீட்டினால் பேச்சே வேறு மாதிரி போகும்.

நாடி ஒழுங்கில்லாமல், கூட்டத்தில் வண்டி ஓட்டுவது போல நின்று நின்று பாய்ந்தால், அன்றைக்கே ஈசிஜி எடுங்கள். தைராய்டு கூடினால் இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரலாம், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம்.

ஒவ்வொரு தொந்தரவும் யார் கணக்கு?

நோட்டு எழுத எழுத எனக்குப் பிடிபட்ட விஷயம் இது. மிச்சம் நிற்கிற தொந்தரவு எல்லாவற்றையும் "தைராய்டு" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் வழி பிறக்காது. ஒன்று, ஹார்மோன் இன்னும் கூடுதலாக இருக்கலாம். இரண்டு, ஹார்மோன் இறங்கிவிட்டது, அது அரித்துவிட்டுப் போன சதையும் முடியும் இன்னும் தேறாமல் இருக்கலாம். மூன்று, மருந்து கொஞ்சம் ஓவராகி, தைராய்டு இப்போது குறைவுப் பக்கம் சாய்ந்திருக்கலாம். நாலு, தைராய்டுக்குச் சம்பந்தமே இல்லாத ரத்தசோகை, பி12, வைட்டமின் டி, சர்க்கரை, மாதவிடாய் நிற்கிற வயது இப்படி ஏதாவது இருக்கலாம். களைப்பு என்ற ஒரே வார்த்தை இந்த நாலுக்கும் பொருந்தும், வைத்தியம் நாலுக்கும் வேறு.

மூன்றாவதைப் பலர் தவற விடுகிறார்கள். நாடி 60-க்குக் கிட்டே வந்துவிட்டது, மே மாதத்தில்கூட ஃபேன் வேண்டாம் என்று தோன்றுகிறது, மலச்சிக்கல், காலையில் முகம் உப்பல், ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, எடை மளமளவென்று ஏறுகிறது என்றால் மருந்து அளவு அதிகமாகியிருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் டெஸ்ட் எடுத்துக் காட்டுங்கள். எனக்கு ஐந்தாம் மாதம் இப்படித்தான் ஆனது, மதுரை வெயிலில் போர்வை தேடினேன்.

படபடப்பும் நடுக்கமும்

முதல் சில வாரத்துக்கு ப்ராப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் எழுதிக் கொடுப்பார்கள். இது நோயைக் குணமாக்காது, கார்பிமசோல் வேலை செய்து முடிக்கும் வரை இதயத்தையும் கையையும் அடக்கி வைக்கும். உங்களுக்கு இதைத் தரவில்லை, படபடப்போ தாங்கவில்லை என்றால் கேளுங்கள். ஆனால் வீசிங், ஆஸ்துமா இருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும் சொல்ல வேண்டும், சர்க்கரை தாழும்போது வருகிற படபடப்பை இது மறைத்துவிடும். அப்புறம், நன்றாயிருக்கிறதே என்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

காபி பற்றி நல்ல செய்தி எதுவும் என்னிடம் இல்லை. நாலு டம்ளர் ஃபில்டர் காபி குடித்துக்கொண்டிருந்தவள், காலையில் ஒரு அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன். நாலு மணிக்குக் கை காபியைத் தேடும். அந்த நேரத்துக்குப் பருத்திப்பால் வாங்கிக் குடித்தேன், சுக்கு மணத்தோடு அது ஒரு ஆறுதல். நாடி நார்மலுக்கு வந்த பிறகு காபி இரண்டு டம்ளருக்கு ஏறிவிட்டது, அது வேறு கதை.

வெயில்

இந்த நோய் உள்ளவர்களுக்கு உடம்பே அடுப்பு, மதுரையில் சித்திரை வைகாசியில் வெளியேயும் 40 டிகிரி. மாத்திரை வேலை செய்யத் தொடங்கின பிறகும் சூடு தாங்காத தன்மை சில வாரம் இருக்கும். காலை பதினொன்றிலிருந்து நாலு வரை வெளி வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். வைகையில் அழகர் இறங்குவதை அந்த ஒரு வருடம் டிவியில் பாருங்கள், கூட்டத்தில் நின்று மயங்கி விழுவதற்கு அது எவ்வளவோ மேல். நீர்மோர், நுங்கு, இளநீர், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் எல்லாம் நல்லதுதான், வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்காதீர்கள், வியர்வையில் உப்பும் போகிறது. சாப்பிட்டுப் படுக்கும் முன் ஒரு குளியல் போட்டால் தூக்கம் வரும், ராத்திரி வியர்த்து எழுகிறவர்களுக்குத் தலைமாட்டில் ஒரு நனைத்த துண்டு.

வேர்க்குருவையும் மருந்து அலர்ஜியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கழுத்திலும் முதுகிலும் வியர்க்கிற இடத்தில் பொடிப்பொடியாக வந்தால் வேர்க்குரு. மாத்திரை ஆரம்பித்த சில வாரத்தில் உடம்பு முழுக்க அரிப்பும் தடிப்பும் வந்தால் கார்பிமசோலாக இருக்கலாம். லேசாக இருந்தால் அலர்ஜி மாத்திரை கொடுத்துத் தொடரச் சொல்வார்கள், அதிகமானால் மருந்தை மாற்றுவார்கள். அரிப்போடு கண் மஞ்சள், சிறுநீர் தேன் நிறம் என்றால் கல்லீரல் விஷயம், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போய்க் காட்ட வேண்டும்.

தொடையில் பலமில்லை

கோலம் போடக் குத்த வைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது எனக்கு. இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழுவது, பஸ் படி ஏறுவது, மேல் அலமாரியில் டப்பா எடுப்பது, இப்படித் தொடையும் தோளும் வேலை செய்கிற இடத்தில்தான் பலவீனம் தெரியும். கூடுதல் ஹார்மோன் சதையை உருக்கி எடுத்திருக்கிறது. ரத்தத்தில் அளவு சரியான பிறகுதான் சதை திரும்பக் கட்ட ஆரம்பிக்கும், அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். அந்த நேரத்தில் தினம் ஒரு முட்டை, பருப்பு, சுண்டல், மீன் என்று புரதம் சேர்த்துக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் கூழ் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, இந்த நோய் எலும்பையும் அரிக்கிறது என்பதால் அதுவும் வேண்டும்தான்.

உடற்பயிற்சியை நாடி பார்த்து ஆரம்பியுங்கள். ஓய்வில் 100-க்கு மேல் இருக்கும்போது ஓட்டம், ஜிம் எல்லாம் வேண்டவே வேண்டாம். 90-க்குக் கீழே வந்ததும் நான் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன், முதல் வாரம் ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை, கிழக்குக் கரையில் உட்கார்ந்துவிடுவேன். அப்புறம் நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. அது பதினைந்தான அன்றுதான் தூணைப் பிடிக்காமல் கோலத்திலிருந்து எழுந்தேன்.

இளவயது ஆண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தைராய்டு கூடியிருக்கும்போது ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென்று இறங்கி, கை கால் அசையாமல் போகிற ஒரு நிலை இருக்கிறது, ஆசிய ஆண்களிடம்தான் அதிகம் பார்க்கிறார்கள். பெரும்பாலும் கடும் வேலைக்குப் பிறகோ, ராத்திரி மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டுப் படுத்த பிறகோ, விடியற்காலையில் வரும். ராத்திரி பதினொரு மணிக்கு நாலு பரோட்டாவும் ஒரு கோலாவும் அடித்துவிட்டுப் படுக்கிற பழக்கம் நம் ஊரில் யாருக்கு இல்லை? காலையில் கால் எழவில்லை என்றால் "நரம்பு இழுத்திருக்கும்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், தைராய்டு இருப்பதையும் சொல்லுங்கள்.

பசி போகாது, எடை ஏறும்

நோய் இருந்தபோது எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு எரித்துவிட்டது. மாத்திரை எரிப்பதைக் குறைத்துவிடுகிறது, வயிறோ பழைய பழக்கத்தில் இன்னும் கேட்கிறது. இழந்த எடை திரும்புவது நியாயம், அதற்கு மேல் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் அளவைக் குறைக்கவில்லை, வரிசையை மாற்றினேன், முதலில் காய், பருப்பு, அப்புறம்தான் சோறு. கறிதோசையை வாரம் ஒன்றாக்கினேன். எடைக்காகக் கார்பிமசோலை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நோய் திரும்ப வந்து எடை குறையும், கூடவே இதயமும் கெடும்.

முடி, அப்புறம் நான் செய்த கோளாறு

மாத்திரை ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக வரும். உடம்பு பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தால் முடி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கணக்கைத் தீர்க்கும், பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவது போல. ஹார்மோன் அளவு சரியாகி நிலையாக நின்றால் தானாக வளரும். இரும்புச்சத்து குறைவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், யாரையும் கேட்காமல் மெடிக்கலில் முடிக்கு என்று ஒரு மாத்திரை வாங்கிப் போட ஆரம்பித்தேன். ஏழாம் மாத டெஸ்டில் ஃப்ரீ டி4 எகிறிக் கிடந்தது, டிஎஸ்ஹெச் பாதாளத்தில். கார்பிமசோலை இரண்டு மடங்காக்கலாமா என்கிற பேச்சு வந்துவிட்டது. நோட்டில் பார்த்தால் நாடி 72, எடை கூடியிருக்கிறது, தூக்கம் நன்றாக இருக்கிறது. உடம்பும் ரிப்போர்ட்டும் வேறு வேறு ஊரில் இருந்தன. "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டபோதுதான் அந்த டப்பாவைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். பயோட்டின், 10 மில்லிகிராம். நிறைய லேப் கருவிகள் ஹார்மோனை அளக்கவே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன, ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் கருவி குழம்பி, டி4-ஐக் கூட்டியும் டிஎஸ்ஹெச்-ஐக் குறைத்தும் காட்டிவிடும். அச்சு அசல் கிரேவ்ஸ் ரிப்போர்ட் போலவே. நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்தால் எல்லாம் சரியாக இருந்தது. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கிற எந்த மாத்திரையாக இருந்தாலும் அட்டையைத் திருப்பிப் படியுங்கள், பயோட்டின் இருந்தால் டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

கண்

தைராய்டு அளவு சரியான பிறகும் கண் தன் போக்கில் போகும், கிரேவ்ஸில் இது தனிக் கிளை. மண் விழுந்தது போல உறுத்தல், வெளிச்சத்தில் கூச்சம், காலையில் இமை வீக்கம், கண் கொஞ்சம் முழிப்பது போல. லேசாக இருந்தால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து, பகலில் கூலிங் கிளாஸ், டூவீலரில் போகும்போது முகத்தை முழுசாக மூடுகிற ஹெல்மெட், தலைக்கு இரண்டு தலையணை. இமை முழுசாக மூடாமல் தூங்குகிறீர்களா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், மூடவில்லை என்றால் ராத்திரிக்குக் கண் ஆயின்ட்மென்ட் தருவார்கள்.

பீடி, சிகரெட் கண்ணை இன்னும் மோசமாக்கும், இதில் சந்தேகமே இல்லை. வீட்டுக்குள் ஊதுகிற ஆண்களும் வாசலுக்குப் போக வேண்டும். கண்ணுக்குப் பின்னால் வலி, ஒன்று இரண்டாகத் தெரிவது, நிறம் மங்குவது, பார்வை குறைவது, இதில் எது வந்தாலும் சொட்டு மருந்தோடு காலம் கடத்தாதீர்கள். மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் கண் குழிக்கென்றே ஆர்பிட் பிரிவு இருக்கிறது, நமக்கு அது பஸ் தூரம்தான். போகும்போது தைராய்டு ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள். ரேடியோ அயோடின் வைத்தியம், அதாவது கதிரியக்க அயோடின் கொடுத்துத் தைராய்டு சுரப்பியை அடக்குவது, பற்றிப் பேச்சு வந்தாலும் கண் தொந்தரவு இருப்பதை முதலில் சொல்ல வேண்டும், சிலருக்கு அது கண்ணைக் கிளறிவிடும்.

கோபம், அழுகை

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ரசத்தில் உப்புக் கூடிவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னதற்குச் சட்டியோடு சிங்கில் கவிழ்த்தேன். அரைமணி நேரம் கழித்து அழுதேன். ஹார்மோன் கூடினால் மனசும் ஓடும், மாத்திரைக்குப் பிறகு அது அடங்குவது கடைசியில்தான். வீட்டில் உள்ளவர்களை ஒருமுறையாவது டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நாம் நூறு தடவை சொல்லிப் புரியாதது, "இது நோயால வர்ற கோபம், ஆறு மாசம் பொறுத்துக்குங்க" என்று டாக்டர் வாயிலிருந்து வந்தால் புரிந்துவிடும். அளவு நார்மலாகி மாதங்கள் ஆகியும் பயம், தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை தொடர்ந்தால் அதற்குத் தனியாக மனநல டாக்டரைப் பாருங்கள், தைராய்டு தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

1835-இல் டப்ளின் டாக்டர் ராபர்ட் கிரேவ்ஸ், நிற்காத படபடப்போடு வந்த மூன்று பெண்களைப் பற்றி எழுதினார், மூவருக்கும் கழுத்தில் தைராய்டு வீங்கியிருந்தது. அவர்கள் வீட்டில் எத்தனை ரசச்சட்டி கவிழ்ந்ததோ.

அக்கம்பக்கத்து ஆலோசனை

நம் ஊரில் "தைராய்டு" என்றாலே குறைவாகச் சுரப்பதுதான். அதனால் கிடைக்கிற அறிவுரையெல்லாம் நேர் எதிர் நோய்க்கானது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது தைராக்ஸினுக்கு. கார்பிமசோலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, சாப்பிட்டுவிட்டே போடலாம், தினமும் ஒரே நேரத்தில் போட்டால் போதும். மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடுங்கள், மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். என் மதினி தைராக்ஸின் சாப்பிடுகிறார், எங்கள் இரண்டு பேர் மாத்திரையும் ஒரே டப்பாவில் இருந்தது. தயவுசெய்து தனித்தனி டப்பா வையுங்கள்.

முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் சாப்பிட்டால் நோய் குறையுமா என்றும் கேட்டார்கள். நாம் பொரியலில் சாப்பிடுகிற அளவுக்கு ஒன்றும் ஆகாது, பிடித்தால் சாப்பிடுங்கள். சாதாரண அயோடின் உப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு இதெல்லாம் வேண்டாம். ஜிகர்தண்டா? பாதாம் பிசின் மரத்திலிருந்து வருவது, கடலிலிருந்து இல்லை. எப்போதாவது ஒரு கிளாஸ் குடிக்கிறதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள், பார்ப்பதானால் சர்க்கரைக்குப் பாருங்கள். சிடி ஸ்கேனுக்குக் கான்ட்ராஸ்ட் ஊசி போடுவதாக இருந்தால் மட்டும் கிரேவ்ஸ் இருப்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அதில் அயோடின் ஏராளம்.

நாட்டு மருந்துக் கடையில் நரம்புத் தளர்ச்சிக்கு, தூக்கத்துக்கு என்று அமுக்கரா சூரணம் தருவார்கள். அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது, அஸ்வகந்தா என்ற பெயரில் கேப்சூலாக வந்தாலும் அதேதான். நமக்கு ஆகாது.

காய்ச்சல் வந்தால்

மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களில் ஆயிரத்தில் ஓரிருவருக்கு, சில கணக்கில் ஐந்து பேர் வரை, ரத்தத்தில் வெள்ளையணுக்கள் அடியோடு இறங்கிவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். அடையாளம் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண். அப்படி வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே, ராத்திரியாக இருந்தால் ராத்திரியே, ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கிற சிபிசி டெஸ்ட் எடுக்க வேண்டும். வெள்ளையணு சரியாக இருந்தால் டாக்டர் சொன்னதும் மாத்திரையைத் தொடரலாம்.

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் தெருவுக்கு நாலு பேருக்குக் காய்ச்சல், தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை, முடிந்தது. நமக்கு அது ஆகாது. என் கைப்பையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், "கார்பிமசோல் சாப்பிடுகிறேன், காய்ச்சல் என்றால் முதலில் சிபிசி எடுக்கவும்" என்று. ஒருமுறை காய்ச்சலில் அதைக் காட்டியபோது, "அதெல்லாம் வேணாம்மா, வைரல்தான்" என்றார்கள். வெளியே வந்து நானே லேபில் கொடுத்து எடுத்தேன். அன்றைக்கு வைரல்தான், வெள்ளையணு சரியாக இருந்தது, டெஸ்டுக்குப் போன காசுக்கு வருத்தம் இல்லை.

கடும் காய்ச்சலோடு நாடி தலைதெறிக்க ஓடி, வாந்தி, பிதற்றல் என்றால் அது வேறு, தைராய்டு ஸ்டார்ம் என்பார்கள், நேரே பெரியாஸ்பத்திரி போன்ற பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கும், உடம்பில் வேறு தொற்று சேர்ந்தவர்களுக்கும் இது வரலாம்.

குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண்கள் கரு தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். முதல் மூன்று மாதம் கார்பிமசோல் குழந்தைக்கு ஆகாது, வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். நாள் தள்ளிப்போனால் மறுநாளே டெஸ்ட் செய்து, போன் போட்டுச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டும் உட்காராதீர்கள்.

நிறுத்துவது எப்போது

வழக்கமாக 12 முதல் 18 மாதம். நிறுத்தும் முன் டிஎஸ்ஹெச் ரிசப்டர் ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள், சொல்லாவிட்டால் கேளுங்கள். சுரப்பியைத் தூண்டிவிடுகிற அந்த ஆன்டிபாடி இன்னும் அதிகமாக இருந்தால் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்புகிற வாய்ப்பு அதிகம். அது நார்மலானவர்களுக்கு நிறுத்திப் பார்க்கலாம். மொத்தத்தில் நிறுத்தியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது, பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குள். அப்படி வந்தால் குறைந்த அளவில் மாத்திரையையே தொடர்வது, ரேடியோ அயோடின், ஆபரேஷன் என்று மூன்று வழி இருக்கிறது, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கண்ணும் வயதும் குழந்தைத் திட்டமும் பார்த்து உட்கார்ந்து பேச வேண்டும்.

எனக்கு இது பதினான்காம் மாதம். தினம் 5 மில்லிகிராமில் நிற்கிறேன், ஆன்டிபாடி டெஸ்ட் அடுத்த மாதம். நாடி எண்ணுவதை நிறுத்தவில்லை. நேற்று பூக்காரம்மா, "மல்லி விலை ஏறிருச்சு தாயி, முல்லை எடுத்துக்கிறியா?" என்றார். முல்லை மொட்டு மல்லியைவிட மெலிசு, நாருக்குள் நழுவும். நூறு கிராம் வாங்கினேன், மூன்று முழம் வந்தது, ஒரு காம்புகூட ஒடியவில்லை.